பணத்தின் கணக்கும் மனிதரின் மானமும்

(நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்ஹம்துலில்லாஹ். ஹிஜ்ரி 1446 நம்மைக் கடந்து போய்விட்டது. 1447இன் முஹர்ரம் பிறந்திருக்கிறது. சென்ற ஆண்டு இதே இடத்தில் நம்மோடு அமர்ந்திருந்தவர்களில் சிலர் இன்று மையவாடியில் இருக்கிறார்கள். அவர்களுடைய மறுமை வாழ்வை அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக, ஆமீன்.

ஓர் ஆண்டு முடிந்தது என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? நம் தணிக்கையாளருக்கு மார்ச் 31. ஜகாத் கணக்குப் பார்க்கும் நம் வியாபாரிகளில் பலருக்கு ரமழான். ஹிஜ்ரி ஆண்டோ முஹர்ரமில் தொடங்குகிறது. ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்டு ஆண்டை எண்ணும் முறையை ஏற்படுத்தியவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஆட்சி விரிந்த காலத்தில் கடிதங்களிலும் கொடுக்கல் வாங்கலிலும் எந்த ஆண்டு என்ற குழப்பம் வந்தபோது அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்ற அக்கறையோடு பிறந்த நாள்காட்டி நம்முடையது.

சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆங்கில ஆண்டுக் கணக்கை வைத்து ஜகாத் கொடுப்பவர்கள் இரண்டரை சதவீதத்தோடு நிற்காமல் 2.577 சதவீதம் கணக்கிட வேண்டும் என்று உலமாக்கள் பலர் சொல்வது இந்த 11 நாளுக்காகத்தான். இந்த ஆண்டு ஒரு புதுமை நடந்தது. நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் தேதி வந்தது. பெருநாளும் அரசாங்கத்தின் நிதியாண்டு முடிந்த நாளும் ஒன்றாகிவிட்டன. பித்ரா அரிசி மூட்டைகளைப் பங்கிட்ட கையோடு நம் பொருளாளர் ரசீதுப் புத்தகங்களையும் அடுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கணக்குகளைத் தவிர, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஓர் ஆண்டு இருக்கிறது. பிள்ளை பிறந்த நாள், மகள் மறுவீடு போன நாள், மவுத்து விழுந்த நாள் என்று அது தன் போக்கில் ஓடுகிறது. இன்று அறக்கட்டளையின் ஆண்டைப் பற்றியும் எங்கள் வீட்டின் ஆண்டைப் பற்றியும் சேர்த்தே பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். இரண்டும் எங்களுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தன.

வேலையின் ஆண்டு

வரவு செலவு முழுவதும் உங்கள் கையில் உள்ள ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அதை மறுபடி வாசித்து உங்கள் நேரத்தை எடுக்க விரும்பவில்லை. அந்த எண்களுக்குப் பின்னால் இருந்ததை மட்டும் சொல்கிறோம்.

இந்த ஆண்டும் அதிகம் வந்தது பள்ளிக் கட்டண வேண்டுகோள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மையினர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுத்து வந்த கல்வி உதவித்தொகை 2022-23இலிருந்து நிறுத்தப்பட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு மட்டும் என்றானது. தொகை சிறியதுதான். ஆனால் நோட்டு, பை, காலணி என்று அந்தப் பணத்தை நம்பியிருந்த வீடுகள் நம் ஊரில் உண்டு. அந்த வீடுகள் இப்போது நம் வாசலுக்கு வருகின்றன.

இருப்பதைப் பயன்படுத்திக் கொள்வதிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையது, மாப்பிள்ளா உள்ளிட்டோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான் சாதிச் சான்று நினைவுக்கு வருகிறது என்றால் அந்த ஒதுக்கீடு இருந்து என்ன பயன்? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கும் இப்போது அது உண்டு. இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்க நம் அலுவலகத்தில் சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு இளைஞர்கள் உட்கார்கிறார்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் நாம் கொடுக்கும் கட்டணத்தைவிட அது அதிகம் பயன் தருகிறது.

மருத்துவத்தில் நம் ஜகாத் நிதியும் பொது ஸதகா நிதியும் தனித்தனியே நிற்கின்றன. ஜகாத், திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனத்தில் வகுத்த எட்டு வகையினருக்கு மட்டும். நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி எல்லாம் ஸதகா நிதியில் வாங்கியவை. ஏழை, வசதியானவர், முஸ்லிம், பிற சமயச் சகோதரர் என்ற வேறுபாடு இல்லாமல் தேவைப்பட்டவர் வாங்கிச் சென்று திருப்பித் தரலாம். நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

வீட்டின் ஆண்டு

அந்த நோட்டில் சென்ற ரபீஉல் அவ்வலில் எங்கள் பெயரும் ஏறியது.

எங்கள் வாப்பா ஸுப்ஹுக்கு ஒளூச் செய்து கொண்டிருந்தார்கள். வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்ததை உம்மா கவனித்தார்கள். கூப்பிட்டால் பேச்சுக் குழறியது. முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது, இந்த மூன்றும் பக்கவாதத்தின் அடையாளம் என்று நம் மருத்துவ முகாமில் டாக்டர் சொன்னதை உம்மா மனத்தில் வைத்திருந்தார்கள். தைலம் தேய்த்துப் பார்க்கலாம், ஓதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. 108ஐ அழைக்கச் சொன்னார்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் சேரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே போனோம். உயிர் பிழைத்து வந்தார்கள். வலது பக்கம் எழவில்லை. தாய்மார்களே, ஓதுவதையும் துஆச் செய்வதையும் ஆம்புலன்ஸிலேயே செய்யலாம். இதை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும் காற்று மெத்தையும் வேண்டியிருந்தன. நம் அலுவலகத்துக்குப் போய் வழக்கம்போல் பெயர், தெரு, பொருள், தேதி எழுதினோம். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு அந்த நோட்டைத் திருப்பி, எந்த இடத்தில் கையெழுத்து என்று விரலால் காட்டியிருக்கிறோம். அன்று பேனா எங்கள் கையில் இருந்தது. இலவசமாக வருகிற பணம் அல்ல, இரவல் கட்டில்தான். அதுவும் நாங்களே முன்னின்று வாங்கிப் போட்ட கட்டில். அப்படியும் கை ஒரு கணம் நின்றது. பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஒரு கட்டிலுக்கே இப்படி என்றால், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகவும் மாதக் கடைசி அரிசிக்காகவும் வந்து நிற்கிறவரின் நெஞ்சு என்ன பாடுபடும்?

இளைஞர்கள் கட்டிலை இஷாவுக்குப் பிறகு கொண்டு வந்தார்கள். பகலில் தள்ளிக்கொண்டு வந்தால் தெரு முழுக்க நின்று விசாரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்கு மாதம் வீடே அந்த இரண்டு மணிக் கணக்கில் ஓடியது.

அந்த நான்கு மாதமும் சுற்றுத் தெருச் சகோதரிகள் முறைவைத்து வந்தார்கள். ஒருவர் கஞ்சி கொண்டு வருவார். ஒருவர் துணி துவைத்துக் கொடுப்பார். “மாமி, நீங்க கொஞ்சம் கண்ணசருங்க, நான் பாத்துக்கிறேன்” என்று உம்மாவைப் படுக்க அனுப்பிவிட்டு வாப்பாவின் பக்கத்தில் யாசீன் ஓதிக் கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்து அக்காவும் அந்த முறையில் இருந்தார். வந்தவர்களில் சிலருடைய பெயர் நம் அறக்கட்டளையின் உதவி நோட்டில் இருக்கிறது. யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். உம்மாவுக்குத் தெரியாது. உம்மாவுக்கு அவர்கள் எல்லாரும் தெருப் பெண்கள், அவ்வளவுதான். யாரும் பட்ட கடனைத் தீர்க்க வந்தவராக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்டை வீட்டார் என்ற உரிமையோடு வந்தார்கள், உரிமையோடு உம்மாவை அதட்டினார்கள், உரிமையோடு போனார்கள். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதைப் பற்றி ஒன்று கேட்கப் போகிறோம்.

ரஜப் மாத நடுவில் வாப்பா மவுத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன அந்த வழிமுறை, நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் நம் வழக்கப்படி, வாப்பா யாருக்காவது கடன் பட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று அறிவித்தோம். இருவர் வந்தார்கள். ஒருவர் ஜவுளிக் கடைக்காரர். அவருக்குக் கொடுக்க வேண்டியதை வாப்பா தம் டைரியில் தேதியோடு எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இன்னொருவர் வாப்பாவுக்குத் தாம் தர வேண்டியதைத் திருப்பித் தர வந்தவர். அதுவும் டைரியில் இருந்தது. ஆனால் வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் வீட்டில் ஒருவரிடமும் அவர் பெயரைச் சொன்னதில்லை. எழுதியும் வைத்தார்கள், மறைத்தும் வைத்தார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதே அத்தியாயத்தின் 271ஆவது வசனம், தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லது என்று ஏற்றுக்கொண்டு, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிட மேலாக வைக்கிறது. எழுது என்கிற மார்க்கம்தான் மறை என்றும் சொல்கிறது. எதை எழுதுவது, எதை மறைப்பது என்பதை வாப்பாவின் டைரியில் எங்கள் கண்ணால் பார்த்தோம்.

உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார்கள். ரமழானும் பெருநாளும் அதற்குள்ளேயே வந்து போயின. மரணப் பதிவு 21 நாளுக்குள் செய்ய வேண்டும், பிறகு வாரிசுச் சான்று, வங்கி, ரேஷன் அட்டை என்று ஒவ்வொன்றாக நாங்கள் அலைந்தோம். ஆண் துணை இல்லாத வீட்டில் இத்தா இருக்கும் பெண்ணுக்காக இந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு யார் அலைவார்கள் என்ற கேள்வி அப்போது எழுந்தது. இன்ஷா அல்லாஹ் இந்த ஆண்டிலிருந்து அந்த வேலையை நம் இளைஞர் அணி எடுத்துக் கொள்கிறது.

படம் கேட்ட அன்பர்

இனி, இந்த ஆண்டில் எங்களை அதிகம் யோசிக்க வைத்த செய்திக்கு வருகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் ஓர் அன்பர் சில ஆண்டுகளாகப் பள்ளிக் கட்டணத்துக்குப் பெரிய தொகை அனுப்பி வந்தார். அல்லாஹ் அவருடைய நற்செயலை ஏற்றுக்கொள்வானாக. அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். உதவி பெறும் பிள்ளைகளும் பெற்றோரும் காசோலையைக் கையில் பிடித்திருக்கும் படம், பெயரோடு நம் இதழில் வர வேண்டும், அவருக்கும் அனுப்ப வேண்டும் என்றார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. என் பணம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய எந்தக் கொடையாளருக்கும் உரிமை உண்டு. அறக்கட்டளை என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிற காலம் இது.

நிர்வாகக் குழு மூன்று முறை கூடிப் பேசியது. பள்ளியின் ரசீதுகள், வங்கிக் கணக்கு, தணிக்கை அறிக்கை எல்லாவற்றையும் அனுப்புகிறோம், ஊர் வரும்போது நோட்டையே புரட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளின் முகத்தை மட்டும் கேட்காதீர்கள் என்று எழுதினோம். நம் அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து உதவி பெற்றவர் படத்தை நாம் வெளியிட்டதில்லை. அன்பர் தம் நன்கொடையை நிறுத்திக் கொண்டார்.

அதன் விளைவை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் கட்டணத்துக்காகக் காத்திருந்த சில வீடுகளுக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. நிர்வாகக் குழுவிலேயே ஒருவர் கேட்டார்: “ஒரு படம்தானே? பிள்ளை படிப்பு நிற்பதைவிடப் படம் வருவது பெரிய கேடா?” கேட்க வேண்டிய கேள்விதான். எங்களுக்கும் இரண்டு இரவு தூக்கம் இல்லை.

இப்போது அந்தச் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களின் படம் நம் இதழில் வந்திருந்தால் உம்மாவின் முன்னால் அவர்கள் அப்படி வந்து நின்றிருப்பார்களா? உம்மாதான் அவர்களை அப்படி வேலை வாங்கியிருப்பார்களா? ஒரு பக்கம் நன்றிக்கடனும் மறுபக்கம் சங்கடமும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் படம் ஒரு நாள் செய்தி அல்ல. பத்து வயதுப் பெண் பிள்ளையின் படம், அவளுக்கு வரன் பார்க்கும் நாளில் யாரோ ஒருவருடைய கைபேசியில் இருக்கும். கல்வி உதவி பெறுவதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பிள்ளைக்குத்தான் இருக்கிறது. பணம் கொடுத்தவருக்கோ நமக்கோ இல்லை.

ஆகவே நாங்கள் உங்கள் முன் வைப்பது இதுதான். பணத்தின் கணக்கு ஊருக்கே திறந்திருக்கட்டும். வாங்கியவரின் பெயர் பூட்டிய நோட்டில் இருக்கட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அமானிதம். இதைத் தீர்மானமாக எழுதி நம் விதிமுறைகளில் சேர்க்க இன்று உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம். நாளை வேறொரு செயலாளர் வரலாம், இன்னும் பெரிய தொகையோடு இன்னொருவர் படம் கேட்கலாம். அன்றைக்கு நிர்வாகிகளின் மனத் திடத்தை மட்டும் நம்பி அந்தப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது.

நின்ற தொகையில் ஒரு பகுதியை நம் ஊர்க் குடும்பங்களே மாதச் சந்தாவாக ஈடு செய்திருக்கின்றன. மீதி இன்னும் வர வேண்டும். காத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நான்கு வேண்டுகோள்கள்

முதலாவது, தேவை உள்ளவர்களுக்கு. வட்டிக்கு வாங்கி, அந்த வட்டிக்கு நகையை வைத்து, கடைசியில் வீட்டுப் பத்திரத்தோடு வருகிறீர்கள். முதல் மாதமே வாருங்கள். அழகிய கடனாக வட்டியில்லாமல் கொடுக்க நிதி இருக்கிறது. சிறு கடனாக இருக்கும்போது தீர்ப்பது எளிது. பெண்கள் வந்தால் பேசுவதற்குப் பெண் பொறுப்பாளர்கள் இருவர் இருக்கிறார்கள். வர இயலாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கு வருவார்கள்.

இரண்டாவது, நோய் வருமுன் காப்பீட்டு அட்டை எடுங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். நோயாளியை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு வருமானச் சான்றுக்கு அலைந்த குடும்பங்களை இந்த ஆண்டும் பார்த்தோம்.

மூன்றாவது, கொடுக்கிறவர்களுக்கு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ரூ.2,000க்கு மேல் என்றால் வங்கி வழியாகத் தாருங்கள். ரொக்கமாகத் தந்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. ஜகாத்தா, ஸதகாவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். கணக்கில் எந்தக் கேள்வியும் கேளுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

நான்காவது, நம் எல்லாருக்கும். வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அடக்கச் செலவும் கடனும் போக, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத்தும் போகத்தான் வாரிசுகளின் பங்கு. கடன் எவ்வளவு என்று தெரியாத வீட்டில் பாகப் பிரிவினை சண்டையில்தான் போய் முடிகிறது. இந்த ஆண்டு நம் ஜமாஅத்துக்கு வந்த குடும்பத் தகராறுகளில் எழுதாத கடனால் வந்தவை ஒன்றிரண்டு அல்ல.

சகோதரர்களே, எங்கள் வீட்டில் இருந்த கட்டிலையும் மெத்தையையும் கழுவித் துடைத்து, நோட்டில் திரும்ப வந்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டோம். அது இப்போது வேறொரு தெருவில் வேறொரு வீட்டில் இருக்கிறது. எந்த வீடு என்று கேட்காமல், அங்கே படுத்திருப்பவரின் ஷிஃபாவுக்காக எல்லாரும் துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ், எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தில் எங்களை நேர்மையானவர்களாக ஆக்குவாயாக. எங்களை நம்பி வந்தவர்களின் மானத்தைக் காப்பவர்களாக ஆக்குவாயாக. கொடுத்தவர்களுக்கும், கொடுப்பதை நிறுத்திக் கொண்டவர்களுக்கும் பரக்கத் செய்வாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், கடனாளிகளுக்கு விடுதலையையும், மவுத்தானவர்களுக்கு மஃபிரத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.